தொழிற்புரட்சி சமையலறைக்கு எப்போது வந்தது?

கேள்வி இதுதான்: “தொழிற்புரட்சி என்றாலே நீராவி எந்திரம், ரயில், பஞ்சாலை என்றுதான் படித்திருக்கிறோம். அந்தக் காலத்து அறிவியல் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியது? வீட்டுக்குள் என்ன மாறியது, எப்போது மாறியது?”

நீராவி எந்திரத்தை யாரும் வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. அது சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது, மில்லில் தறி ஓட்டியது, தண்டவாளத்தில் ரயில் இழுத்தது. 1830இல் மான்செஸ்டரில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், பாட்டி காலத்து வேலைகள்தான் நடந்துகொண்டிருக்கும். கரியடுப்பு மூட்ட வேண்டும், வாளியில் தண்ணீர் பிடித்துவர வேண்டும், பொழுது சாய்ந்தால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். உடம்பில் இருந்த பருத்தித் துணி மலிவாகியிருந்தது. மில் மணிக்கு எழுந்து ஓட வேண்டியிருந்தது. மற்றபடி வீடு அப்படியேதான் இருந்தது.

வீட்டை மாற்றிய அறிவியல் வேறு வழியாக, ரொம்பத் தாமதமாக வந்தது. எல்லாவற்றையும் தொட்டுப் போனால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இங்கிலாந்தில் நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு என்ற ஒரே பொருளின் பின்னால் மட்டும் போகிறேன். விளக்கு, மழைக்கோட்டு, ஊதாத் துணி, கார்பாலிக் சோப்பு, கேஸ் அடுப்பு எல்லாம் இந்த ஒரே வாயு ஆலையின் முன்வாசலிலும் பின்வாசலிலுமாக வந்தவை. நான் படித்தவரை, 19ஆம் நூற்றாண்டின் அன்றாட வாழ்க்கையை இதைவிட நன்றாக விளக்கும் பொருள் வேறில்லை.

முதலில் அதற்கு முந்தைய இரவைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஏழை வீடுகளில் கோரைத் தண்டின் தோலை உரித்து, உள்ளே இருக்கும் நெட்டியை ஆட்டுக் கொழுப்பில் தோய்த்துக் காயவைத்துக் கொளுத்துவார்கள். ஒரு தண்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை எரியும். அதற்கு அடுத்த படி, மாட்டுக் கொழுப்பிலோ ஆட்டுக் கொழுப்பிலோ செய்த மெழுகுவர்த்தி. நாற்றம் அடிக்கும், புகையும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரியின் கருகிய நுனியைக் கத்தரித்து விடாவிட்டால் வெளிச்சம் மங்கிவிடும். தேன்மெழுகு வர்த்தி பணக்காரர்களுக்கும் தேவாலயங்களுக்கும்தான் கட்டுப்படியாகும். இதற்கு மேல் மெழுகுவர்த்திக்கு அரசாங்க வரி வேறு. 1709இல் தொடங்கி 1831 வரை அந்த வரி இருந்தது. ஒரு குடும்பம் இரவில் என்ன செய்யலாம் என்பதைக் கொழுப்பின் விலைதான் தீர்மானித்தது. அடுப்புத் தணலின் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் படுத்துவிடுவார்கள்.

வில்லியம் மர்டாக் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். போல்டன்–வாட் நிறுவனத்தின் நீராவி எந்திரங்களைக் கார்ன்வால் சுரங்கங்களில் நிறுவிக் கொடுப்பது அவர் வேலை. ரெட்ருத் என்ற ஊரில் குடியிருந்தபோது, 1792இல் தன் வீட்டையே நிலக்கரி வாயுவால் வெளிச்சமாக்கினார். செய்முறையைச் சொல்வது எளிது. நிலக்கரியைக் காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் அடைத்து, வெளியிலிருந்து சூடேற்ற வேண்டும். காற்று இல்லாததால் கரி எரியாது. அதற்குள் இருப்பவை பிரிந்து வாயுவாக வெளியேறும். ஹைட்ரஜன், மீத்தேன், கார்பன் மோனாக்சைடு கலந்த அந்த வாயுவைக் குழாயில் கொண்டுபோய்ப் பற்றவைத்தால் மஞ்சள் நிறத்தில் சுடர் எரியும். வாயு போன பிறகு கலத்தில் மிஞ்சும் கரிக்குக் கல்கரி என்று பெயர். வழியில் குழாய் குளிரும் இடத்தில் பிசுபிசுப்பான கறுப்புத் தார் தேங்கும். அந்தத் தாரை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இந்த வெளிச்சம் பெரிய அளவில் முதலில் எங்கே போனது தெரியுமா? பஞ்சாலைக்கு. மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிலிப்ஸ்–லீ என்பவர்களின் மில்லில் 1805 வாக்கில் மர்டாக் வாயு விளக்குகளைப் பொருத்தத் தொடங்கினார். 1808இல் லண்டனின் அறிவியலாளர் கழகமான ராயல் சொசைட்டிக்கு அவர் கொடுத்த அறிக்கையில் கணக்கு விவரமாக இருக்கிறது. மில்லில் மொத்தம் 904 சுடர்கள், சுமார் 2500 மெழுகுவர்த்திகளின் வெளிச்சம். அதே வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கினால் ஆண்டுக்கு 2000 பவுண்டு ஆகும், வாயுவுக்கு எல்லாச் செலவும் சேர்த்து 600 பவுண்டுதான். அந்த அறிக்கைக்காக அவருக்கு ரம்ஃபோர்ட் பதக்கம் கொடுத்தார்கள்.

இந்தக் கணக்கைத் தொழிலாளியின் பக்கமிருந்தும் படிக்க வேண்டும். மெழுகுவர்த்தி வைத்து இருட்டிலும் வேலை வாங்குவது அதற்கு முன்பே இருந்ததுதான். ஆனால் பஞ்சு பறக்கும் இடத்தில் திறந்த சுடர் ஆபத்து, செலவும் அதிகம். வாயு விளக்கு அந்த இரண்டு தடைகளையும் ஒரே அடியாகக் குறைத்துவிட்டது. குளிர்காலத்தில் காலை இருட்டிலும் மாலை இருட்டிலும் எந்திரம் ஓடலாம் என்றானது. கடைசியில் இரவுக்குச் சட்டம் போட்டு எல்லை வகுக்க வேண்டி வந்தது. 1833ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை இரவு 8.30 முதல் காலை 5.30 வரை நெசவு, நூற்பு ஆலைகளில் வேலை வாங்கக் கூடாது என்றது. 9 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பெரும்பாலான ஆலைகளில் வேலைக்கே வைக்கக் கூடாது என்றதும் அதே சட்டம்தான். வெளிச்சம் வந்ததால் நூலகம் வந்தது, படிப்பு வந்தது என்று மட்டும் எழுதும் புத்தகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. முதல் வெளிச்சம் குழந்தைகளின் தூக்கத்தை எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்து தெரு. ஃபிரெடெரிக் வின்சர் என்ற ஜெர்மானியர் 1807இல் லண்டனின் பால் மால் வீதியில் வாயு விளக்குகளை எரியவிட்டுக் காட்டினார். விளம்பரத்தில் கெட்டிக்காரர், வேதியியல் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வீடு தனி உலை வைக்காமல் ஊருக்குப் பொதுவாக ஓர் ஆலை, அங்கிருந்து தெருவுக்கடியில் குழாய் என்ற யோசனையைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். அதன்படி 1812இல் லண்டனில் ஒரு கம்பெனி பட்டயம் பெற்றது. மர்டாக்கிடம் தொழில் கற்ற சாமுவேல் கிளெக் பொறியாளராக வந்து, சுண்ணாம்பு கொண்டு வாயுவின் முட்டைநாற்றத்தைப் போக்கும் முறையைச் சரிசெய்தார். 1813 டிசம்பர் 31 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் விளக்கு எரிந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்து குவிந்து கிடந்த துப்பாக்கிக் குழல்களை ஒன்றோடொன்று முடுக்கி வாயுக் குழாயாகப் பயன்படுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

எதிர்ப்பும் இருந்தது. 1819இல் ஜெர்மனியின் கொலோன் நகரச் செய்தித்தாள் ஒன்று தெருவிளக்கு ஏன் கூடாது என்று காரணங்களை அடுக்கியது. இரவு இருட்டாக இருக்க வேண்டும் என்பது ஆண்டவன் வகுத்த ஒழுங்கு, குடிகாரர்கள் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள், குதிரைகள் மிரளும், திருடர்களுக்குத் துணிச்சல் வரும் என்றெல்லாம். இதையெல்லாம் மீறி ஊர் ஊராக விளக்கு பரவியது. 1816இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன், 1857இல் நம் நாட்டில் கல்கத்தா.

தெருவிலும் கடையிலும் விளக்கு வந்ததால் ஏழைகளுக்குக் கிடைத்த முதல் உண்மையான பலன் சனிக்கிழமை ராத்திரிச் சந்தை. வாரக் கூலி சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். அதை வாங்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், கடைகளில் வாயு விளக்கு, தள்ளுவண்டிகளில் நாப்தா விளக்கு. நாப்தாவும் வாயு ஆலைத் தாரிலிருந்து வடித்ததுதான். ராத்திரி வெகுநேரம் வரை இறைச்சி, காய்கறி, பழைய பூட்ஸ் என்று வியாபாரம் நடக்கும். இன்னொரு பலன் மாலை வகுப்புகள். ஜார்ஜ் பர்க்பெக் முன்னின்று 1823இல் லண்டனில் தொடங்கிய தொழிலாளர் கல்விக் கழகமும், அதைப் பார்த்து மற்ற ஊர்களில் தோன்றியவையும், பகலில் உழைப்பவர்களுக்காக ராத்திரியில் நடந்தவை. வேதியியலும் இயந்திரவியலும் கைவினைஞர்களுக்குப் போய்ச் சேர்ந்த இடம் அது.

ஆனால் வீடு? பணக்காரர்களே தயங்கினார்கள். அந்தக் காலத்துச் சுடர் வெறும் குழாய் நுனியில் மீன்வால் மாதிரி விரிந்து எரியும். கூரை கறுத்துப்போகும், வாயுவில் மிஞ்சியிருந்த கந்தகத்தால் திரைச்சீலை இற்றுப்போகும், தொட்டிச் செடிகள் வாடும், அடைத்த அறையில் தலை வலிக்கும். அதனால் நடையிலும் சமையலறையிலும் வாயு விளக்கு, விருந்தினர் உட்காரும் அறையில் பழையபடி எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும் என்று பிரித்து வைத்துக்கொண்டார்கள். தொழிலாளி வீட்டுக்கு அந்தப் பேச்சே இல்லை. குழாய் போடவும் மீட்டர் வைக்கவும் முன்பணம் கேட்பார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பில் வரும். வாரக் கூலியில் வாழ்பவர்கள் அதை எங்கே கட்டுவது?

சரி, இப்போது அந்தத் தாருக்கு வருவோம்.

வாயு ஆலைக்காரர்களுக்குத் தார் ஒரு தலைவலி. எரித்தால் புகை, ஆற்றில் விட்டால் மீன் சாகும். ஊருக்கு ஊர் வாயு ஆலை பெருகப் பெருகத் தாரும் மலையாகக் குவிந்தது. அதை வாங்கிக்கொள்ள யாராவது வர மாட்டார்களா என்று காத்திருந்தார்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மாக்கின்டாஷ் அப்படி வந்தவர். அவருக்கு வேண்டியது சாயத் தொழிலுக்கான அம்மோனியா. கூடவே வந்த தாரிலிருந்து நாப்தாவை வடித்துப் பார்த்தார். அது ரப்பரைக் கரைத்தது. அந்தக் கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டி, 1823இல் தண்ணீர் புகாத துணிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றும் ஆங்கிலேயர்கள் மழைக்கோட்டை அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். முதலில் வந்த கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் பலகையாக விறைத்து, நாற்றமும் அடித்தன. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களில் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. மழையில் வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து போகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

தாரின் இன்னொரு பகுதியான கிரியோசோட் எண்ணெயை மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் முறைக்கு ஜான் பெத்தல் 1838இல் காப்புரிமை பெற்றார். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டைகள் மழையில் உளுத்துப்போகாமல் நின்றதற்கு அதுதான் காரணம். நம் வீட்டுப் பீரோக்களில் பட்டுப்புடவைக்கு நடுவில் கிடக்கும் பாச்சை உருண்டையும் தார் தந்ததுதான். நாப்தலீன் தாரிலிருந்து பிரிக்கப்பட்டது 1820ஐ ஒட்டி.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் 1856. வில்லியம் பெர்க்கினுக்கு அப்போது வயது 18. லண்டனில் ஆகஸ்ட் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலாளரிடம் மாணவர். மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தாரிலிருந்து செயற்கையாகச் செய்ய முடியுமா என்பது ஆசிரியரின் கேள்வி. இந்தியாவில் ஆட்சி நடத்திய பிரிட்டனுக்குக் குயினைன் அவ்வளவு அவசியம். சில ஆண்டுகள் கழித்து நீலகிரியில் சிங்கோனா மரம் பயிரிட்டதும் அதற்காகத்தான். ஈஸ்டர் விடுமுறையில் பெர்க்கின் தன் வீட்டிலேயே வைத்திருந்த சிறிய ஆய்வகத்தில் தார்ப் பொருளான அனிலினைப் பொட்டாசியம் டைகுரோமேட்டோடு சேர்த்தார். கிடைத்தது கறுப்பு வண்டல். தோற்ற பரிசோதனை என்று பாத்திரத்தை ஆல்கஹால் ஊற்றிக் கழுவும்போது கரைசல் ஊதா நிறமாக மாறியது. வேறு யாராவதாக இருந்தால் கொட்டியிருப்பார்கள். அவர் ஒரு பட்டுத் துண்டை எடுத்து நனைத்துப் பார்த்தார். சோப்புப் போட்டுத் துவைத்தும், வெயிலில் வைத்தும் சாயம் போகவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காப்புரிமை, அடுத்த ஆண்டே அப்பாவும் அண்ணனும் துணைவர லண்டனுக்கு வெளியே கிரீன்ஃபோர்டில் தொழிற்சாலை.

1850களின் கடைசியில் பாரிஸிலும் லண்டனிலும் ஊதாதான் ஃபேஷன். 1859இல் பிரான்ஸில் மஜெந்தா வந்தது, அப்புறம் நீலம், பச்சை என்று வரிசையாக வந்தன. அதற்கு முன்பு வரை நல்ல ஊதாத் துணி வசதியுள்ளவர்களுக்கு மட்டும். ஏழைகளின் துணி பழுப்பு, சாம்பல், மங்கின நீலம், அதுவும் பெரும்பாலும் யாரோ உடுத்திக் கழித்தது. தார்ச் சாயம் வந்த சில ஆண்டுகளில் மில்லில் வேலை செய்யும் பெண் தன் கூலியில் ஒரு ஊதா ரிப்பன் வாங்கி ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் கட்டிக்கொள்ள முடிந்தது. விருப்பப்பட்ட நிறத்தை உடுத்துவது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

அந்த ரிப்பனுக்கு வேறு நாட்டில் விலை கொடுத்தவர்களும் உண்டு. மஞ்சிட்டி வேரிலிருந்து வரும் சிவப்புச் சாயத்தின் சாரமான அலிசரினை 1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் தார்ப் பொருளிலிருந்தே செய்துவிட்டார்கள். தெற்கு பிரான்ஸில் அந்தச் செடியைப் பயிரிட்ட விவசாயிகள் சில ஆண்டுகளில் நொடித்துப் போனார்கள். சோழமண்டலக் கரையில் கலம்காரித் துணிக்குச் சிவப்பு கொடுத்த சாயவேரிலும் இருப்பது அதே அலிசரின்தான். மணற்பாங்கான கடலோர நிலத்தில் அந்த வேரைத் தோண்டிப் பிழைத்தவர்களின் தொழிலும் அதோடு படுத்தது. 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்ததும், வங்காளம், பீகார் மட்டுமில்லாமல் தென்னாற்காட்டில் அவுரி விளைத்தவர்கள் வரை அடி வாங்கினார்கள். அவுரித் தோட்டங்களில் குடியானவர்கள் பட்ட கொடுமை தெரிந்தவர்களுக்கு, அந்தப் பயிர் ஒழிந்ததில் வருத்தப்பட மட்டுமே முடியாது. ஆனால் விளைத்தவனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, மாற்று வழி கொடுக்கவும் இல்லை.

தார் தந்தவற்றில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கார்பாலிக் அமிலத்தைச் சொல்வேன். கிளாஸ்கோ மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஜோசஃப் லிஸ்டர், பாஸ்டரின் கட்டுரைகளைப் படித்துவிட்டு, புண் அழுகுவதற்குக் காற்றிலும் கையிலும் கருவியிலும் இருக்கும் கிருமிகள்தான் காரணம் என்ற முடிவுக்கு வந்திருந்தார். அவற்றை எதைக் கொண்டு கொல்வது? கார்லைல் ஊரில் சாக்கடை நீரின் நாற்றத்தை அடக்கக் கார்பாலிக் அமிலம் ஊற்றியதும், அந்த நீர் பாய்ந்த புல்வெளியில் மேய்ந்த மாடுகளுக்கு நோய் குறைந்தது என்ற செய்தி அவர் காதில் விழுந்தது. 1865 ஆகஸ்டில் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த நிலையில் 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட காலை வெட்டி எடுப்பதுதான் அன்றைய வழக்கம். லிஸ்டர் காயத்தைக் கார்பாலிக் அமிலத்தால் கழுவி, அதில் நனைத்த துணியால் கட்டினார். புண் அழுகவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு கூடியது.

அவருடைய வார்டில் கை கால் துண்டிக்கப்பட்டவர்களின் கணக்கை அவரே வெளியிட்டார். இந்த முறைக்கு முன் 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். முறை வந்த பிறகு 40 பேரில் 6 பேர். எல்லா மருத்துவர்களும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, கையைக் காந்த வைக்கும் அந்த அமிலத்தைப் பல பேர் வெறுத்தார்கள். ஆனாலும் 1890களுக்குள் அதே அமிலம் சோப்புக்கட்டியாகி வீட்டுக்கு வந்துவிட்டது. லைஃப்பாய் சோப்பு வந்தது அப்போதுதான். பழைய சிவப்பு லைஃப்பாயின் காரமான வாசனை நினைவிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் கார்பாலிக் வாசனை. அதே அமிலத்திலிருந்து சாலிசிலிக் அமிலம், அதிலிருந்து 1899இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின் என்று தலைவலி மாத்திரை வரை இந்த வழி போகிறது.

இத்தனையும் தந்த வாயு ஆலைக்குள் வேலை எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பழுக்கக் காய்ச்சிய கலத்தின் வாயைத் திறந்து, எரியும் கல்கரியை வாரி வெளியே இழுத்துப் போட்டு, புதுக் கரியை அள்ளி உள்ளே தள்ளி, வாயை மூடிப் பூச வேண்டும். முடிந்ததும் அடுத்த கலம். இப்படி 12 மணி நேர ஷிப்ட், இரவும் பகலும். வில் தார்ன் 1857இல் பர்மிங்ஹாமில் பிறந்தவர், 6 வயதிலேயே கயிறு திரிக்கும் கடையில் சக்கரம் சுற்றப் போனவர். லண்டன் பெக்டன் வாயு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே, 1889 மார்ச் 31 அன்று வாயுத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். படிக்க எழுதக் கஷ்டப்பட்ட அவருக்குக் கார்ல் மார்க்ஸின் மகள் எலினார் உதவினார். கோரிக்கை ஒன்றே ஒன்று: ஷிப்ட் 8 மணி நேரம். அதே ஆண்டில், வேலைநிறுத்தம் இல்லாமலேயே, லண்டன் கம்பெனிகள் ஒத்துக்கொண்டன. ஊரின் இரவு முழுக்கத் தங்கள் கையில் இருக்கிறது என்று அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தார்ன் பிறகு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

இதற்குள் போட்டி வந்துவிட்டது. இங்கிலாந்தில் ஜோசஃப் ஸ்வானும் அமெரிக்காவில் எடிசனும் மின்விளக்கோடு நின்றார்கள். 1878இல் எடிசனின் அறிவிப்பு வந்ததுமே லண்டனில் வாயுக் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்தது. வாயு பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் வியன்னாவின் கார்ல் அவுவர். பருத்தி வலையை உலோக உப்புக் கரைசலில் தோய்த்துக் காயவைத்து எரித்தால் பஞ்சு போய், உலோக ஆக்சைடின் சாம்பல் கூடு மட்டும் அதே வடிவில் நிற்கும். அந்தக் கூட்டைச் சுடர் சூடாக்கும்போது வெள்ளையாக ஒளி வீசும். 1885இல் எடுத்த முதல் காப்புரிமை சரிப்படவில்லை, வெளிச்சம் பச்சையடித்தது. 1891இல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பிடித்தார். கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் புது மேண்டில் கட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூடு நன்றாகத் தெரியும். முதல்முறை கொளுத்தியதும் சுருங்கிக் கறுத்து, பிறகு வெளுக்கும். அதன்பின் விரல் பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

தோரியத்துக்கு ஐரோப்பா எங்கே போகும்? பிரேசில் கடற்கரை மணலில் இருந்து வந்தது. பிறகு திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அந்தக் கடலோர ஊரில் தோரியம் அடங்கிய மோனசைட் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது இந்த மேண்டிலுக்காகத்தான். அங்கே இன்றும் மணல் ஆலை இருக்கிறது, இப்போது மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனத்திடம்.

மேண்டிலால் வெளிச்சப் போட்டியில் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தாலும், வெளிச்சத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று வாயுக் கம்பெனிகளுக்குப் புரிந்தது. பகலிலும் வாயு விற்க வேண்டும், இதுவரை வாங்காதவர்களிடமும் விற்க வேண்டும். சமையலுக்கு வாயு என்பது பழைய யோசனைதான். நார்தாம்ப்டனில் ஜேம்ஸ் ஷார்ப் என்பவர் 1820களிலேயே கேஸ் அடுப்பு செய்து காட்டியிருந்தார். 60 ஆண்டுகளாக அதைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை. இப்போது கம்பெனிகளே அடுப்பை வாடகைக்குக் கொடுக்க ஆரம்பித்தன. அதோடு காசு போடும் மீட்டரும் வந்தது. மீட்டரின் துளையில் ஒரு பென்னி போட்டுத் திருகினால், ஒரு பென்னிக்கு உண்டான வாயு வரும். 1890களில் லண்டனிலும் மற்ற தொழில் நகரங்களிலும் கம்பெனி தன் செலவிலேயே குழாய் போட்டு, மீட்டரும் ஒன்றிரண்டு விளக்கும் சின்ன அடுப்பும் வைத்துக் கொடுத்தது. முன்பணம் கிடையாது, பில் கிடையாது. போட்ட மூலதனத்தை வாயு விலையில் கொஞ்சம் கூட்டி எடுத்துக்கொண்டார்கள்.

கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த மீட்டர்தான். சால்ஃபோர்ட் மில்லில் விளக்கு எரிந்து கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் கழித்து, அதே மாதிரி மில்லுக்குப் போகும் பெண்ணின் சமையலறைக்கு வாயு வந்தது. அதுவரை விடியலில் சாம்பல் அள்ளி, சுள்ளி வைத்து, கரி போட்டு, பற்றவைத்து, பிறகுதான் டீக்குத் தண்ணீர் கொதிக்கும். வெயில் காலத்திலும் ஒரு கெட்டில் தண்ணீருக்காக முழு அடுப்பையும் மூட்டி வீட்டையே வேகவைக்க வேண்டும். இப்போது ஒரு பென்னி, ஒரு தீக்குச்சி. சில நிமிடங்களில் டீ. வாரக் கூலி தீர்ந்துபோன வியாழக்கிழமை பென்னி இல்லையென்றால் வாயுவும் இல்லை, அதுவும் உண்மைதான். ஆனால் கடன் ஏறாது. மீட்டர்ப் பெட்டியைத் திறக்கக் கம்பெனி ஆள் வரும்போது, சமையலறை மேசையில் பென்னிகளைக் கொட்டி அடுக்கி எண்ணுவார். பின்னாளில் பல ஊர்களில் அந்தக் குவியலிலிருந்தே ஒரு பங்கைத் தள்ளுபடியாக வீட்டுக்காரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.